பார்சலுக்குள் வைத்த கடிதம்

ஜூன் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? இங்கே மாமாவுக்கு முட்டி வலி, அம்மாவுக்குக் கண் மங்கல், எனக்கு இவர்கள் இரண்டு பேர். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

மேலே இருக்கிற ஆபீஸ் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதைத் தொட்டிருப்பாய் என்று நம்புகிறேன். ஆபீஸ் கட்டுக்குள் வீட்டுக் கடிதத்தைச் செருகுவது தப்பு என்று எனக்கும் தெரியும். இந்த உத்தியோகத்தில் நான் செய்கிற ஒரே தப்பு அதுதான். எங்கள் கால்நடைக் கல்லூரி நூலகத்திலும் உங்கள் ஆராய்ச்சி நிலைய நூலகத்திலும் பருவ இதழ்ப் பிரிவு நம் இரண்டு பேர் தலையில் விழுந்திருக்கிறது. போகிற கட்டை நீ பிரிக்கிறாய், வருகிற கட்டை நான் பிரிக்கிறேன். வேறு யார் கண்ணில் படப்போகிறது? போனில் கூப்பிட்டால் உனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. எழுதினால்தான் வாய் திறப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். கால்நடை நோய் மாத இதழ் எங்களுக்குப் பாதி வந்து சேரும், பாதி தபாலில் தொலையும். ஒரு தொகுதியில் ஒரே ஒரு இதழ் குறைந்தாலும் எங்கள் பைண்டர் ஊசியைக் கையில் எடுக்கமாட்டார். "முழுசா குடுங்கம்மா, நடுவுல ஓட்டையோட தைச்சா நாளைக்கு என்னைத்தான் ஏசுவாங்க" என்கிறார். நூல் சுற்றிக் கட்டி அலமாரியில் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் உருவி உருவி இருப்பதும் கிழிகிறது. கன்றுக்குட்டி வியாதியே கதி என்று கிடக்கிற ஒரு ப்ரொபசர் இருக்கிறார், அவரைக் கன்றுக்குட்டி ப்ரொபசர் என்றே எல்லாரும் சொல்வார்கள். தினமும் என் மேஜை முன்னால் வந்து நிற்கிறார். "அந்தக் கழிச்சல் கட்டுரை வந்த இதழ் கிடைச்சுதாம்மா?" என்று அவர் கேட்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

முதல் இதழிலிருந்து முழு வரிசை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கு விடுபட்ட இதழ்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். இரட்டைப் பிரதி இருந்தால் அனுப்பு. இருந்தால் மட்டும். ஒன்றே ஒன்று இருப்பதில் கை வைக்காதே. உன்னை எனக்குத் தெரியாதா, யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுக்கிறவன் நீ.

அம்மா உன்னைக் கேட்டாள்.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மாமா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டும். அம்மா கண்ணை ஒரு டாக்டரிடம் காட்டு, "அப்புறம் பாக்கலாம்" என்று அவள் சொன்னால் கேட்காதே.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கீழே கூப்பிட்டார்கள், போனேன். அப்படியே தள்ளிப் போய்விட்டது. இரட்டைப் பிரதி அலமாரியில் உன் பட்டியலுக்குப் பொருந்துகிறவை கொஞ்சம்தான் இருந்தன. எங்கள் பதிவிலிருந்து எடுத்தாயிற்று என்று நீக்க முத்திரை அடித்து, உனக்குப் பிடித்த மாதிரி மூலை மடங்காமல் வைத்திருக்கிறேன். குறை சொல்ல ஏதாவது கண்டுபிடிப்பாய், தெரியும்.

எங்களுக்குப் புது டைரக்டர் வந்திருக்கிறார். சட்டையில் ஒரு மடிப்பு விழாது, அதனால் இங்கே அவருக்கு இஸ்திரி என்று பேர். மாடிக்கு ஏறி வந்து அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதையெல்லாம் யார் வந்து படிக்கிறாங்க?" என்றார். நானும் ஒரு பதில் சொன்னேன். அதை விடு.

அக்கா, ஒன்று செய். மாத இதழ் மட்டும் வேண்டாம். உங்கள் நூலகத்தில் எந்தெந்த இதழில் எதெது இல்லையோ எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. உனக்குத் தெரிந்த மற்ற நூலகங்களிடமும் சொல், அவர்களும் பட்டியல் அனுப்பட்டும். என்னிடம் என்ன இருக்கிறது என்று முழுக்கப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

கட்டு வந்தது. மூலை மடங்கவில்லை. ஆனால் நூலை இரண்டு முடிச்சுப் போட்டிருக்கிறாய், அவிழ்ப்பதற்குள் என் நகம் போனது. குறை கண்டுபிடித்துவிட்டேன், திருப்தியா?

சோம்பேறி என்று நினைத்திருந்த தம்பிக்குத் திடீரென்று இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது? சரி, கேட்கிறவனுக்குக் கொடுப்பதில் எனக்கென்ன நஷ்டம். நீ கேட்டபடி எல்லாப் பட்டியலும் வைத்திருக்கிறேன். தெரிந்த நூலகங்களுக்கும் எழுதிவிட்டேன். ரொம்ப சந்தோஷம் என்று பதில் போட்டிருக்கிறார்கள். "உங்க தம்பி தங்கமானவர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உன்னைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பயப்படாதே, எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதிலிருந்து கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. உன் கடிதம் வந்ததும் படிக்கச் சொன்னாள். நானும் ஆரம்பித்தேன். "அதெல்லாம் கிடக்கட்டும், வரேன்னு எங்கேயாவது எழுதியிருக்கானா? அதை மட்டும் படி" என்றாள். நான் எங்கே தேடுவேன்? ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. உன் வீட்டுக்காரியையும் கூட்டி வா.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

வணக்கம். அம்மா விழுந்ததைப் படித்ததும் மனசு என்னவோ செய்தது. உடனே கிளம்பத்தான் நினைத்தேன். இப்போது லீவு கேட்கிற நேரம் இல்லை. இந்த மாதம் முடியட்டும்.

இத்துடன் வருகிற கட்டுகளைத் தூக்க ஆள் வைத்துக்கொள். கனமானவை. உன் பட்டியலில் இருந்த மாத இதழ் முழுக்க வந்துவிட்டது, காலாண்டு இதழ்களும் பெரும்பாலும் வந்துவிட்டன. ப்ரொபசரின் கழிச்சல் கட்டுரையும் உள்ளே இருக்கிறது, வயிற்றுக் கலக்கம் தீர்ந்தது என்று அவரிடம் சொல். இதெல்லாம் எப்படி இரட்டை ஆயிற்று என்று கேட்பாய். வேறொரு நிலையத்தில் நூலகத்தை மூடிவிட்டார்கள். அங்கே இருந்தது எங்களுக்கு வந்தது. அதனால் எல்லாவற்றிலும் இரண்டு.

ஒரே ஒரு வேண்டுகோள். போட்டு வைக்காதே. வந்த கையோடு பைண்டரிடம் கொடுத்து, உங்கள் முத்திரையை அடித்து, உங்கள் பதிவு எண்ணைப் போட்டுவிடு. மற்ற நூலகங்களுக்கும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பெட்டி பிரிக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், விரல் ஆறியதா?

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் உன் கட்டுகளைப் பிரித்து மேஜையில் பரப்பினேன். முதல் இதழை எடுத்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது. தபாலில் உதிரியாக வருகிற இதழ் எந்த அளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இது மூன்று பக்கமும் விரல் அகலம் குறைகிறது. பைண்டர் வெட்டு மிஷினில் வைத்து வெட்டிய ஓரம். முதுகில் காய்ந்த பசை. மடிப்பில் வரிசையாகத் தையல் ஓட்டை, ஓட்டைக்குள் அறுந்த நூல். கத்தி பட்டது பெட்டி பிரிக்கும்போதா?

அடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். உங்கள் நிலையத்தின் முத்திரை, உங்கள் பதிவு எண். நீக்க முத்திரை இல்லை. ஒன்றில்கூட இல்லை. ஜூனில் அனுப்பிய நாலைந்தில் அடித்தவன் இத்தனையில் அடிக்க மறந்துவிட்டாயா? வேறு நிலையத்திலிருந்து வந்தது என்றாயே, அந்த நிலையத்தின் முத்திரை எங்கே?

பைண்ட் செய்த தொகுதிகளை அறுத்து அனுப்பியிருக்கிறாய். முழு வரிசை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நானேதான் எழுதினேன். ஒன்றே ஒன்று இருப்பதில் கை வைக்காதே என்றும் எழுதினேன். படித்தாயா இல்லையா? என் நூலகத்தை நிரப்புவதற்காக உன் நூலகத்தைக் கிழிக்கச் சொன்னேனா? என்னடா செய்கிறாய் நீ? உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

பைண்டருக்குக் கொடுக்கவில்லை. ப்ரொபசர் கண்ணிலும் காட்டவில்லை. "வந்துடுச்சாமே?" என்று வந்து கேட்டவரை, சரிபார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளதை உள்ளபடி ஒரே ஒரு வரி எழுது.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

வணக்கம். விரல் ஆறிவிட்டது.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. பைண்டர் எப்போதோ ஒரே தொகுதியை இரண்டு தரம் தைத்துவிட்டார். அதில் ஒன்றைத்தான் பிரித்தேன். முத்திரை அடிக்க நேரம் இல்லை. நீயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள். தயவுசெய்து தைத்து, எண்ணைப் போட்டுவிடு அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். வேறு எதுவும் கேட்காதே.

இனி எனக்குக் கட்டு எதுவும் அனுப்பாதே. எழுதுவதானால் வீட்டு முகவரிக்கு எழுது. அம்மாவை நான் கட்டாயம் வந்து பார்ப்பேன்.

தம்பி


செப்டம்பர் 20

பெறுநர்: இயக்குநர், கால்நடை ஆராய்ச்சி நிலையம்.

ஐயா,

பொருள்: பருவ இதழ்களைத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக.

தங்கள் நிலைய நூலகத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் கொண்ட கீழ்க்காணும் இதழ்கள், இரட்டைப் பிரதிப் பரிமாற்றத்தின்போது கவனக்குறைவால் எங்கள் நூலகத்துக்கு வந்து சேர்ந்துள்ளன. இவை தங்கள் நிலையத்தின் உடைமை என்பதால், அனைத்தும் சேதமின்றிப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பப்படுகின்றன. பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புதல் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பொறுப்பாளர், பருவ இதழ்ப் பிரிவு


(அதே கட்டுக்குள்)

செப்டம்பர் 20

தம்பிக்கு,

கோபப்படாதே. ராத்திரி பகலாக யோசித்துத்தான் இதைச் செய்கிறேன்.

ஒரே தொகுதியை இரண்டு தரம் தைக்கிற பைண்டர் உலகத்தில் கிடையாது. பொய் சொல்லக்கூட உனக்கு ஒழுங்காக வராது. ஏன் அறுத்தாய் என்று கேட்கமாட்டேன். கேட்காதே என்றாய், கேட்கவில்லை. ஆனால் நீ மாட்டிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாளைக்கு எவனாவது தணிக்கைக்கு வந்து அலமாரியைத் திறந்தால் என்ன ஆகும்? வெறும் அட்டை நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. இத்தனை வருஷ வேலையும் பென்ஷனும் ஒரே நாளில் போய்விடும்.

கட்டு அனுப்பாதே, எழுதுவதானால் வீட்டு முகவரிக்கு எழுது என்று சொன்னாய். ஆபீஸ் சொத்தை உன் வீட்டுக்கு அனுப்பினால், அதைத் திருட்டு என்று நானே முத்திரை குத்திய மாதிரி ஆகிவிடும். அதனால்தான் முறைப்படி ஆபீஸ் முகவரிக்கே போட்டிருக்கிறேன். மேலே இயக்குநர் பேர் இருப்பது சம்பிரதாயத்துக்கு. கட்டு வழக்கம்போல உன் மேஜைக்குத்தானே வரும். வந்ததும் சத்தம் போடாமல் எடுத்து வை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கத்தியால் அறுத்த இடத்தைப் பழைய ஓட்டையிலேயே தைத்து, அந்தந்த அட்டைக்குள் ஒட்டிவிடு. பசையை மெல்லிசாகத் தடவு. யாருக்கும் தெரியாது. மேலே இருக்கிற கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடு. மற்ற நூலகங்களுக்கு அனுப்பியதையும் திருப்பி வாங்கப் பார்.

உன்னைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா


அக்டோபர் 15

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள்? கட்டு வந்ததா இல்லையா, அதையாவது ஒரு கார்டில் எழுதிப் போடக்கூடாதா? கோபமா? கோபம் என்றாலும் எழுதித்தானே தீர்ப்பாய்.

பொறுக்க முடியாமல் இன்றைக்கு உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். யாரோ ஒருவர் எடுத்தார். நூலகத்துக்குக் கொடுங்கள் என்றேன். "நூலகமா? அது பூட்டியாச்சேம்மா" என்றார். என் தம்பி அங்கேதானே வேலை செய்கிறான் என்று உன்னைக் கேட்டேன். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார். அக்கா என்றேன். "ஓ, நீங்கதானா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நீங்கதானா என்றால் என்னடா அர்த்தம்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இதை வீட்டு முகவரிக்கே போடுகிறேன். பதில் எழுது.

அக்கா


நவம்பர் 3

தம்பி,

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ எழுதவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. எழுதியிருக்கிறாய், சுகமாக இருக்கிறாய் என்று வாயில் வந்ததைப் படித்துக் காட்டுகிறேன். இப்படி எத்தனை தரம் படிப்பது? உன் காலில் விழுகிறேன், எழுது.

அக்கா


நவம்பர் 21

அக்காவுக்கு,

வணக்கம். அம்மாவைச் சாப்பிட வை. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. எழுதக்கூடாது என்று இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஜூனிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்.

இஸ்திரி மாடிக்கு வந்தார் என்று எழுதினேன் அல்லவா? யார் வந்து படிக்கிறாங்க என்று கேட்டவர், நான் பதில் சொல்லி முடிக்குமுன்பே, "இந்த மாடி எனக்குக் கூட்ட அரங்குக்கு வேணும்" என்றார். அடுத்த வாரம் ஆணை வந்தது. தொகுதிகள் எல்லாம் எடைக்கு. பழைய பேப்பர்காரர் வந்து அலமாரி அலமாரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அட்டையைக் கிழித்துத் தரவேண்டும், தாளுக்குத்தான் விலை என்றார். வேறு நூலகத்துக்காவது கொடுக்கலாம் என்று மனு எழுதினேன். நேரில் போய் நின்றேன். "உங்க வீட்டுச் சாமானா? எனக்குத் தெரியும், நீங்க போங்க" என்றார். அவருக்கும் மேலிடத்துக்கு எழுதினேன். பதிலே வரவில்லை.

அப்போதுதான் உன் பட்டியல் மேஜையில் கிடந்தது. முழுத் தொகுதியாக வெளியே கொண்டுபோனால் வாசலில் பிடிப்பார்கள். உதிரி இதழ்க் கட்டு என்றால் தினமும் போகிறதுதானே, யாரும் நிறுத்தமாட்டார்கள். அறுத்தேன். ஒவ்வொரு தொகுதியாக எடுத்து, யாருக்கு எது இல்லையோ பார்த்துப் பார்த்து அனுப்பினேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் நீ வாங்கியிருப்பாயா? ஆணை எங்கே, நீக்க முத்திரை எங்கே என்றுதான் கேட்டிருப்பாய். நீக்க முத்திரையை அதற்குள் இஸ்திரி தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தால் வாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். ஓட்டையைப் பார்ப்பாய் என்று யோசிக்கவில்லை. உன்னை எனக்குத் தெரிந்தும் யோசிக்கவில்லை.

செப்டம்பர் ஆரம்பத்தில் மாடியைப் பூட்டிவிட்டார்கள். என்னைச் சாமான் அறையில் உட்கார வைத்தார்கள். நூலகத்துக்கு வருகிற தபால் எல்லாம் நேரே டைரக்டர் மேஜைக்குப் போகிறது. அதனால்தான் வீட்டுக்கு எழுது என்றேன். காரணத்தையும் சேர்த்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

உன் கட்டை அங்கேதான் பிரித்தார்கள்.

விசாரணையில் உன் கடிதத்தைப் படித்தார்கள் அக்கா. முதலில் ஆபீஸ் கடிதம், அடுத்து வீட்டுக் கடிதம். கிளார்க் எழுந்து நின்று படித்தார். "கத்தியால் அறுத்த இடத்தைப் பழைய ஓட்டையிலேயே தைத்து" என்ற இடத்தை இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார்கள். "இது உங்க அக்கா கையெழுத்துதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எப்படியும் நீங்கள் எடைக்குப் போடப் போகிறதைத்தானே கொடுத்தேன் என்றேன். அதற்கு ஒருவர், "எடைக்குப் போடறது நிர்வாகத்தோட முடிவு, நீங்க எடுத்தது திருட்டு" என்றார். நியாயமாகத்தான் சொல்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

வேலை போய்விட்டது. பென்ஷன் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்ப வருவாளா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. நான் ஒரு நண்பன் அறையில் இருக்கிறேன். அவன் முகவரியைக் கீழே போட்டிருக்கிறேன்.

பழைய பேப்பர்காரரின் லாரி வந்த அன்று சாமான் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ திருப்பி அனுப்பிய கட்டுகளும் அதில் ஏறின. கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி கட்டி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அந்த இதழ்கள் இனி எங்கேயும் கிடையாது. உன்னிடமாவது இருந்திருக்கும்.

கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் பொய். கோபம் இருக்கிறது. உன் மேல் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. அம்மாவிடம் எதையும் சொல்லாதே.

தம்பி


டிசம்பர் 5

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அந்த நண்பன் வேளைக்குச் சாப்பாடு போடுகிறானா? எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நான்தான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன். காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே என் கையாலேயே எழுதி, நூல் கட்டி, அரக்கு வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மற்ற நூலகங்கள் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டன. ஓட்டையைப் பார்க்கவில்லையோ, பார்த்தும் பேசாமல் இருந்தார்களோ தெரியாது. நான் ஒருத்திதான் நியாயஸ்தி. அவர்களிடம் இருப்பது பிழைத்தது. என்னிடம் வந்ததுதான் லாரியில் ஏறியது.

கன்றுக்குட்டி ப்ரொபசர் நேற்று வந்தார். "அந்தக் கட்டுரை வந்துச்சுன்னு கேள்விப்பட்டேனே?" என்றார். வந்தது சார், திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். "ஏம்மா?" என்றார். எங்களுடையது இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அந்த மனுஷனுக்கு என்ன தெரியும், போய்க் கழிப்பறையில் நின்று அழுதேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அதாவது, படிக்கவில்லை. உனக்கு மேல் பதவி கொடுத்திருக்கிறார்கள், வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்? உடனே, "பேனாவை எடு, நான் சொல்றேன், அப்படியே எழுது" என்றாள். ஒரு எழுத்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்:

"கண்ணு, அம்மா பேசறேன். நான் நல்லா இருக்கேன், எனக்காக ஓடி வராதே. மேல் பதவி வந்திருக்காமே, சந்தோஷம். அதுக்காக உடம்பைக் கெடுத்துக்காதே. வேளைக்குச் சாப்பிடு. அவளையும் நல்லபடியா வச்சுக்க, முகம் வாடாம பாத்துக்க. ஏதாவது ஒண்ணுன்னா அக்காகிட்ட சொல்லுடா. எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே போட்டுப் பூட்டிக்காதே. அவளுக்கு வாய்தான் பொல்லாதது. உன் மேல ஒரு தூசி விழ விடமாட்டா அவ."

இந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. "என்னடி நிறுத்திட்ட? எழுது, கடைசி வரியை எழுதிட்டியா, படிச்சுக் காட்டு" என்று அதட்டினாள். எழுதினேன். படித்தும் காட்டினேன். குரல் என்னவோ போல இருக்கிறது, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உள் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். கட்டில் போட்டாகிவிட்டது. கோபம் ஆறிய பிறகு வா என்று சொல்லமாட்டேன், அது எப்போது ஆறும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கோபத்தோடேயே வா. வந்து வாசலில் நின்று, நான் செய்ததைச் சொல்லி, தெருவே கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. அம்மாவுக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகக் கேட்கும். அது தெரிந்துதான் சொல்கிறேன்.

அக்கா